உங்கள் பிள்ளைக்கு என்ன செய்யத் தெரியும்? இடைநிலைப்பள்ளிக் கலைத்திட்டம் பற்றித் தோட்டத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருந்து பிள்ளைகளை இடைநிலைப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. மாலை வகுப்பு நடத்துவதால் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவர்கள் அதிகம். ஒவ்வொருவருக்கும் வாட்சாப்பில் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று தோன்றியது. படித்துவிட்டு, படிவம் ஒன்றில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு அனுப்பி வையுங்கள்.

திறன் அடிப்படையிலான கலைத்திட்டம் என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

பிள்ளைக்கு என்ன தெரியும் என்று கேட்பதோடு நிற்காமல், தெரிந்ததை வைத்து அவனால் என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கிற படிப்பு. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வேலைக்குப் புதிதாக வந்தவரை மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில்லை, கத்தியைக் கொடுத்து மரத்தின் முன் நிறுத்துவார். வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியான சாய்வில் இறங்குகிறதா, பட்டையைப் போதிய ஆழம் எடுக்கிறாரா, கத்தி உள்மரத்தைத் தொட்டுக் காயம் வைத்துவிட்டதா, இதையெல்லாம்தான் பார்ப்பார். முதல் நாள் சரியாக வரவில்லை என்றால் ஆளை அனுப்பிவிட மாட்டார், எந்த இடத்தில் கை தவறுகிறது என்று காட்டிக் கொடுத்து மறுநாளும் வெட்டச் சொல்வார்.

பள்ளியில் இதுதான் நடக்க வேண்டும் என்பது திட்டம். நம் நாட்டில் 2017-இல் படிவம் ஒன்றிலிருந்து தொடங்கிய கே.எஸ்.எஸ்.எம்., அதாவது இடைநிலைப்பள்ளிக்கான தர அடிப்படையிலான கலைத்திட்டம், இந்த எண்ணத்தில் எழுதப்பட்டது. அதற்கு முன்னால் 1989 முதல் இருந்த பழைய கலைத்திட்டம் கே.பி.எஸ்.எம்., உங்களில் பலரும் அதில்தான் படித்திருப்பீர்கள். புதிய திட்டத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆவணம் உண்டு. எதைக் கற்பிக்க வேண்டும், கற்ற பிறகு மாணவனுக்கு என்ன செய்ய வர வேண்டும், எவ்வளவு நன்றாகச் செய்தால் எந்த நிலை என்று மூன்று பகுதியாக அதில் எழுதியிருக்கும். அந்த மூன்றாவது பகுதியைத்தான் பெற்றோர் யாரும் பார்ப்பதில்லை, ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்கு அர்த்தமே அதில்தான் இருக்கிறது.

யு.பி.எஸ்.ஆர். இல்லை, பி.டி.3-உம் இல்லை. அப்புறம் பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆறாம் ஆண்டு முடிவில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். 2021-இல் நிறுத்தப்பட்டது, படிவம் மூன்று முடிவில் எழுதிய பி.டி.3 2022-இல் நிறுத்தப்பட்டது. கோவிட் காரணமாக 2020-இலும் யு.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை. ஆக 2020-இல் ஆறாம் ஆண்டில் இருந்த பிள்ளைகளுக்கு படிவம் ஐந்தில் எழுதும் எஸ்.பி.எம்.தான் வாழ்க்கையிலேயே முதல் பொதுத்தேர்வு. அந்தப் பெற்றோர் பலர் ஐந்து வருடமாகப் பிள்ளைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் யாரும் வந்து பிரச்சினை என்று சொல்லவில்லை.

ஆனால் பள்ளி சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது, வேறு வடிவத்தில். இரண்டு தாள்கள் வீட்டுக்கு வரும். ஒன்று யு.ஏ.எஸ்.ஏ. எனும் ஆண்டிறுதித் தேர்வின் முடிவு. படிவம் ஒன்று முதல் மூன்று வரை உண்டு. 82-உம் அதற்கு மேலும் வாங்கினால் ஏ, 20-க்குக் கீழே போனால் எஃப். இது நமக்குப் பழகிய கணக்கு, எல்லோரும் இதை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று பி.பி.டி., அதாவது வகுப்புசார் மதிப்பீடு. ஆண்டுக்கு இரண்டு முறை வரும். அதில் ஒவ்வொரு பாடத்துக்கும் டி.பி.1 முதல் டி.பி.6 வரை ஓர் அடைவுநிலை இருக்கும். சுருக்கமாகச் சொன்னால் 1 என்றால் அடிப்படை மட்டும் தெரிகிறது, 2 என்றால் புரிந்தும் இருக்கிறது, 3 என்றால் தெரிந்ததை வைத்துச் செய்ய முடிகிறது. 4-இல் முறையாக, ஒழுங்காகச் செய்கிறான். 5-இல் புதிய சூழலிலும் செய்கிறான். 6 என்றால் மற்றவர்களுக்கு முன்மாதிரி. குறைந்தபட்சம் எட்ட வேண்டிய நிலை 3. உங்கள் பிள்ளையின் ரிப்போர்ட்டில் 1-ஓ 2-ஓ இருந்தால் அந்தப் பாடத்தில் அவன் இன்னும் கரை ஏறவில்லை என்றுதான் பொருள். ‘ஆறில் ரெண்டுதானே, அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடாதீர்கள்.

டி.பி.3 வந்திருக்கிறது. போதுமா?

பாடத்தைப் பொறுத்தது. மலாயிலும் கணிதத்திலும் 3-இலேயே நின்றுகொண்டிருந்தால் படிவம் நான்கில் மூச்சு வாங்கும். கலைக்கல்வியிலோ உடற்கல்வியிலோ 3 என்றால் தூக்கம் கெடத் தேவையில்லை, பிள்ளைக்கு அதில் ஆசை இருந்தால் ஒழிய.

ஆரம்பப்பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளை படிவம் ஒன்றில் வாயடைத்துப் போய்விட்டது. ஏன்?

இந்தப் பக்கத்தை நான் எழுத முக்கியக் காரணமே இந்தக் கேள்விதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் அறிவியலும் கணிதமும் தமிழில் படித்த பிள்ளை, ஒரு விடுமுறை முடிந்து வருவதற்குள் அதே பாடங்களை மலாயில் படிக்க வேண்டும். படிவம் ஒன்றுக்கு முன் மலாய் பழகும் புகுமுக வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வருட அவகாசம் கிடைக்கிறது. நேராகப் படிவம் ஒன்றுக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை. இந்த மாற்றம் நம் தாத்தா காலத்துப் பிரச்சினை, புதிதல்ல. ஆனால் முன்பெல்லாம் மௌனமாக இருந்தே சமாளிக்க முடிந்தது. வகுப்பில் வாய் திறக்காமல் இருந்து, வீட்டில் மனப்பாடம் செய்து, ஆண்டிறுதியில் எழுதித் தேறிவிடலாம். இப்போது ஆசிரியர் மதிப்பிடுவது வகுப்பில் கண்ணால் பார்ப்பதையும் காதால் கேட்பதையும்தான். குழுவாகப் பேச வேண்டும், முன்னால் நின்று விளக்க வேண்டும், ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று ஆசிரியர் எப்படிக் கண்டுபிடிப்பார்? தெரியாதவனுக்கும் பேசாதவனுக்கும் ஒரே டி.பி.2 விழுகிறது.

என் வகுப்புக்கு வரும் ஒரு பெண் பிள்ளையைச் சொல்கிறேன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறார். கணிதத்தில் டி.பி.4, அறிவியலில் டி.பி.2. எனக்கு அது பொருந்தவே இல்லை. சைக்கிள் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் ரப்பர் ஏன் சூடாகிறது என்று கேட்டேன். உராய்வு, அசைவிலிருந்த சக்தி வெப்பமாக மாறுவது, ஈரமாக இருந்தால் பிரேக் ஏன் வழுக்குகிறது என்று தமிழில் அழகாகச் சொன்னாள், நான் கேட்காத உதாரணத்தையும் சேர்த்துச் சொன்னாள். இதை வகுப்பில் சொன்னாயா என்றால், தலையாட்டினாள், இல்லை என்று. மலாயில் ஒரு வாக்கியம் தப்பாகப் போனால் சிரிப்பார்களாம். அந்தப் பிள்ளைக்குக் குறை அறிவியலில் இல்லை, ஆனால் ரிப்போர்ட் அறிவியல் என்றுதான் சொல்கிறது, வீட்டில் அறிவியல் டியூஷன் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு என்ன செய்யலாம்? படிவம் ஒன்று தொடங்குவதற்கு முந்தைய விடுமுறையில், ஆறாம் ஆண்டு அறிவியல், கணிதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைக்கு ஏற்கெனவே தமிழில் தெரிந்த பாடத்தை மலாயில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்குங்கள். புதுப் பாடம் எதுவும் வேண்டாம். தெரிந்ததைச் சொல்லும்போது மொழியில் மட்டும் கவனம் வைத்தால் போதும். உங்களுக்கு மலாய் எழுத வராவிட்டாலும் பேச வரும், தோட்டத்திலும் கடையிலும் அதைத்தானே பேசுகிறோம். பள்ளி தொடங்கிய பிறகு, தினமும் ஒரு பாடத்தில் ஒரு கேள்வியாவது கையைத் தூக்கிக் கேட்க வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள். மாலையில் ‘ஹோம்வொர்க் முடிச்சியா’ என்பதோடு, ‘இன்னைக்கு கிளாஸ்ல என்ன பேசின’ என்றும் கேளுங்கள். வகுப்பாசிரியரைப் பார்க்கும்போது, இவளுக்குத் தமிழில் விஷயம் தெரிகிறது, மலாயில் சொல்லத் தயங்குகிறாள் என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள், அவர்களுக்கு இந்தத் தகவல் வேறு எங்கிருந்தும் கிடைக்காது.

ஆசிரியர் விருப்பத்துக்கு டி.பி. போட்டுவிட்டால்?

நியாயமான பயம். பி.பி.டி. என்பது ஆசிரியரின் தொழில்முறைத் தீர்ப்பு, இயந்திரம் போடும் மதிப்பெண் இல்லை. ஆனால் அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். நோட்டுப் புத்தகம், பயிற்சித் தாள், செய்முறை, படைப்பு, ஆசிரியரின் பதிவு என்று ஏதாவது இருக்கும். எதை வைத்து 2 போட்டீர்கள், 3-க்குப் போக இவன் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று பணிவாகக் கேளுங்கள். சண்டைக்குப் போவது போலக் கேட்டால் பிள்ளைக்குத்தான் சங்கடம். அந்த இரண்டாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் வந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு உங்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. தெளிவில்லாமல் வந்தால் இன்னொரு தடவை போய்க் கேளுங்கள், கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும், ஐந்தாறு வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து ஒவ்வொரு பிள்ளைக்கும் நிலை பதிவு செய்வது லேசான வேலை இல்லை.

உலகமயம், உலகத்தரம் என்றெல்லாம் பேசுகிறார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

தோட்டமே உலகமயத்தால் வந்ததுதானே. இங்கே வெட்டிய பால் வெளிநாட்டு வண்டிகளுக்கு டயராகப் போனது, விலை எங்கோ ஏறி இறங்கியபோது இங்கே லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) அடுப்பு எரிவதும் எரியாததும் மாறியது. நம் முன்னோர்களைக் கங்காணி அழைத்து வந்ததும் அந்தச் சந்தைக்காகத்தான். இப்போது ரப்பர் போய்ச் செம்பனை வந்தாயிற்று, வெட்டுவதற்கும் பொறுக்குவதற்கும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நம் பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1970-களின் தொடக்கத்திலிருந்து வெளிநாட்டு மின்னணு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறது. அங்கே நேர்முகத்துக்குப் போகிற பையனிடம் எத்தனை ஏ என்று கேட்டுவிட்டு, அடுத்த நிமிடமே இந்த இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்ப்பாய் என்று கேட்கிறார்கள்.

அரசாங்கம் இந்தப் பக்கம் திரும்பியதற்கு இன்னொரு காரணம் பிசா. பொருளாதார ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பு 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் அனைத்துலக மதிப்பீடு அது. பாடப்புத்தகத்தில் இருப்பதைக் கேட்காது, படித்ததை அன்றாடச் சூழலில் பயன்படுத்தத் தெரிகிறதா என்று பார்க்கும். 2022-இல் மலேசியா கணிதத்தில் 409 புள்ளி, அந்த அமைப்பின் நாடுகளின் சராசரி 472. வாசிப்பில் 388, சராசரி 476. 2018-இல் நம் வாசிப்புப் புள்ளி 415 ஆக இருந்தது, அதிலிருந்துதான் இறங்கியிருக்கிறது. கோவிட் ஒரு காரணம், அது மட்டுமே காரணம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கே.எஸ்.எஸ்.எம். வந்து ஐந்து வருடத்துக்குப் பிறகு எடுத்த அளவு இது.

திட்டம் நல்லதாக இருந்தும் ஏழைப் பள்ளிகளில் சறுக்கிய நாடு உண்டு. தென்னாப்பிரிக்கா இனவெறி ஆட்சி முடிந்த பிறகு ‘கலைத்திட்டம் 2005’ என்ற பெயரில் இதே மாதிரி விளைவு அடிப்படையிலான படிப்பைக் கொண்டுவந்தது. நூலகமும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இருந்த பள்ளிகள் சமாளித்தன, இல்லாத பள்ளிகள் தடுமாறின. 2000-இலேயே அதை மறு ஆய்வு செய்ய வேண்டி வந்தது, பிறகு படிப்படியாக மாற்றிவிட்டார்கள். நம் தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு எனக்கிருக்கும் கவலையும் இதேதான். வீட்டில் புத்தகம், இணையம், பேசிப் பழக ஆள் எல்லாம் இருக்கிற பிள்ளைக்கு இந்தக் கலைத்திட்டம் தானாகவே வேலை செய்யும். இல்லாத பிள்ளைக்கு யாராவது பக்கத்தில் உட்கார வேண்டும். அது அம்மாவாக இருக்கலாம், படிவம் ஐந்து முடித்த அண்ணனாக இருக்கலாம், கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் நடக்கும் வகுப்பாக இருக்கலாம்.

எஸ்.பி.எம். ஆங்கிலத்துக்கு நான்கு தாள் என்கிறார்களே?

ஆமாம். வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல். ஐரோப்பிய மன்றம் உருவாக்கிய மொழித்தர அளவைப் பின்பற்றியது இது. படிவம் ஐந்து முடிக்கும்போது பி1 அல்லது பி2 நிலைக்கு வர வேண்டும் என்பது இலக்கு. பேச்சுத் தேர்வில் இரண்டு மாணவர்களைச் சேர்த்து உட்கார வைப்பார்கள், முதலில் தன்னைப் பற்றி, பிறகு ஒரு தலைப்பைத் தனியாக, கடைசியில் இருவரும் கலந்து பேச வேண்டும். மனப்பாடம் இங்கே உதவாது, பக்கத்தில் இருப்பவன் என்ன சொல்வான் என்று தெரியாதே. மலாய்க்கும் பேச்சுத் தேர்வு உண்டு.

டியூஷனுக்கு அனுப்பினால் சரியாகிவிடாதா?

பழைய கேள்வித்தாளை மட்டும் போட்டுத் தள்ளுகிற டியூஷன் என்றால் பணம்தான் வீண். பிள்ளையைப் பேச வைக்கிறார்களா, தப்பு செய்ய விடுகிறார்களா என்று ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

புறப்பாட நடவடிக்கைக்காகப் பிள்ளை மாலையில் தங்க வேண்டுமாம். படிப்பு கெடாதா?

கெடாது. அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு கல்வித்தேர்ச்சி, 10 விழுக்காடு புறப்பாடம். அந்தப் பத்தில் கோட்டை விட்டு இடம் இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

தோட்டத்தில் உண்மையான சிக்கல் வண்டி. பள்ளி பஸ் மதியமே புறப்பட்டுவிடும், அதற்குப் பிறகு தங்கினால் திரும்பி வர வழி இல்லை, அதனால் சாரணர் வேண்டாம், கால்பந்து வேண்டாம் என்று பெற்றோரே பெயரை எடுத்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே நாளில் வரும் சீருடை இயக்கத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கைந்து வீடுகள் சேர்ந்து அந்த நாளுக்கு மட்டும் ஒரு வேன் பேசுங்கள். இங்கே ஒரு தோட்டத்தில் அப்படித்தான் செய்கிறார்கள், ஓட்டுவது ஓய்வு பெற்ற ஒரு மாமா, பெட்ரோலுக்கு மட்டும் ஆளுக்குக் கொஞ்சம்.

படிவம் நான்கில் அறிவியல் பிரிவா, கலைப் பிரிவா?

அந்தப் பிரிவுகள் 2020-இல் எடுக்கப்பட்டுவிட்டன. இப்போது பாடத் தொகுப்புகள். உங்கள் பள்ளி எந்தத் தொகுப்புகளை நடத்துகிறது என்று படிவம் மூன்றின் நடுவிலேயே கேட்டு வையுங்கள், சிறிய ஊர்ப் பள்ளியில் எல்லாம் கிடைக்காது. பொறியியல் கனவு இருந்தால் கூடுதல் கணிதத்தையும் இயற்பியலையும் விடாதீர்கள்.

பையனுக்குப் புத்தகம் ஏறவில்லை, கைவேலை நன்றாக வருகிறது. தொழிற்கல்விக்குப் போனால் மட்டமா?

மட்டம் என்று சொல்கிறவர்கள் தங்கள் வீட்டுக் குளிர்சாதனத்தைப் பழுது பார்க்க ஆளுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

திறன் அடிப்படையிலான கல்வி இந்த நாட்டில் நன்றாக வேரூன்றிய இடமே தொழிற்பயிற்சிதான். எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழில் ஒவ்வொரு வேலைக்கும் தேசிய அளவில் எழுதிய தரம் இருக்கிறது. மதிப்பெண்ணுக்கு அங்கே முதலிடம் இல்லை, அந்த வேலையில் பயிற்சியாளர் திறம்பெற்றவரா, இன்னும் பெறவில்லையா என்றே பார்க்கிறார்கள். பெறவில்லை என்றால் திரும்பச் செய்யலாம். நிலை 1 முதல் 3 வரை சான்றிதழ், 4 டிப்ளோமா, 5 உயர் டிப்ளோமா. படிவம் மூன்று முடித்தவுடன் தொழிற்கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், இரண்டு வருடம் சான்றிதழ், மேலும் இரண்டு வருடம் டிப்ளோமா. எஸ்.பி.எம். முடித்தவர்களுக்குப் பாலிடெக்னிக் இருக்கிறது. நம் பக்கத்தில் ஈப்போவில் இருக்கும் உங்கு ஓமார் பாலிடெக்னிக்தான் நாட்டிலேயே முதலாவது, 1969-இல் தொடங்கியது. சுங்கை சிப்புட்டிலிருந்து போய் வருகிற தூரம்தான்.

ஒன்று மட்டும் கவனம். எந்த வழியில் போனாலும் எஸ்.பி.எம். சான்றிதழ் கையில் கிடைக்க மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். வரலாறு 2013 முதல் கட்டாயத் தேர்ச்சிப் பாடம். கைவேலைதானே என்று இந்த இரண்டையும் விட்டுவிட்ட பையன்கள் பிறகு மறுதேர்வு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

2027-இல் மறுபடியும் கலைத்திட்டம் மாறுகிறதாமே?

புதிய கலைத்திட்டம் 2027-இலிருந்து படிப்படியாக வரும் என்று கல்வி அமைச்சு அறிவித்திருக்கிறது. பெயர்களும் எண்களும் மாறலாம். உங்கள் பிள்ளை பேச வேண்டும், செய்து காட்ட வேண்டும் என்பது மாறாது, அதனால் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவு மலாயும் ஆங்கிலமும் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழை விட்டுவிடலாமா?

விடாதீர்கள். நான் மேலே சொன்ன பெண் பிள்ளைக்கு உராய்வு புரிந்தது தமிழில். யோசிக்கிற மொழியைப் பதின்மூன்று வயதில் பிடுங்கிவிட்டால், மற்ற இரண்டிலும் சொல்வதற்கு அவளிடம் விஷயமே இருக்காது. தமிழிலும் இப்போது கேட்டல், பேச்சு, கருத்துரைத்தல் எல்லாம் மதிப்பிடப்படுகின்றன. பிள்ளை கூச்சமில்லாமல் வாய் திறந்து பழக அதைவிட நல்ல பாடம் இல்லை.

பள்ளியில் தமிழ் வகுப்பே இல்லை என்றால், 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க வழி செய்ய வேண்டும். ஆசிரியர் கிடைப்பதும் அட்டவணையில் இடம் பிடிப்பதும் வேறு போராட்டம், ஆனால் எழுதிக் கேட்காத வரை அந்தப் போராட்டமே தொடங்காது. நம் ஊர்ப் பள்ளிகளில் பதினைந்து பிள்ளைகள் இல்லாமல் இல்லை. பெற்றோர்தான் தனித்தனியாக வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் கையொப்பம் எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் சேர்த்து பள்ளி முதல்வரிடம் கொடுங்கள், ஒரு பிரதியைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிய பிரதியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், அட்டவணை போட்டு முடித்த பிறகு போனால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார்கள்.